லீசியா: துருக்கியின் தென்மேற்குக் கடற்கரையைப் பத்து நாளில் பார்க்க முழுமையான வழிகாட்டி

துருக்கி என்றதும் நம்மவர்கள் போடுகிற திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இஸ்தான்புல் மூன்று நாள், கப்படோக்கியாவில் பலூன், நேரம் மிச்சமிருந்தால் அண்டால்யாவில் ஒரு பெரிய விடுதியில் இரண்டு நாள். அந்த அண்டால்யாவுக்கு மேற்கே, ஃபெத்தியே வரைக்கும், மத்தியதரைக் கடலுக்குள் புடைத்துக்கொண்டு நிற்கிற மலைநிலம் ஒன்று இருக்கிறது. அதன் பழைய பெயர் லீசியா. விவிலியம் வாசிப்பவர்களுக்குப் பழக்கமான பெயர்தான். பவுல் கைதியாக ரோமுக்குப் போகிற வழியில் கப்பல் மாறிய 'மீறாப்பட்டணம்' இந்த லீசியாவில்தான் இருக்கிறது.

அண்டால்யாவில் அறை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் பேருந்தில் மூன்று இடம் ஓடிப் பார்ப்பது இந்த நிலத்துக்குக் கொஞ்சமும் சரிவராது. இங்கே கல்லறைகள் ஊருக்கு வெளியே ஒதுங்கி இல்லை. கடைத்தெருவில், வீட்டுக் கொல்லையில், கடல் தண்ணீருக்குள், எங்கும் நிற்கின்றன. அதற்குப் பக்கத்திலேயே ஆட்கள் தேநீர் குடிக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள். இதைப் பார்க்க ஒரு ஊரில் இரண்டு மூன்று நாளாவது தங்கி, மாலையில் சும்மா நடக்க வேண்டும். அதனால் நான் சொல்லப்போகிற வழி இது: ஐந்து ஊர், பத்து இரவு, மேற்கிலிருந்து கிழக்காக. ஃபெத்தியே மூன்று, பத்தாரா ஒன்று, காஷ் மூன்று, சிராலி இரண்டு, அண்டால்யா ஒன்று.

படி 1: எப்போது, எப்படிப் போவது

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை போங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், இடிபாடுகளில் ஒதுங்க நிழலே கிடையாது, கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். கடலில் குளிப்பதுதான் முக்கியம் என்றால் அக்டோபர் நல்லது, தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். பூவும் பச்சையும் பார்க்க ஏப்ரல்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மின்விசா எல்லோருக்கும் கிடைக்காது. அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ கையில் இருந்தால்தான் இணையத்தில் எடுக்க முடியும். இல்லையென்றால் விசா மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடுமுன் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இஸ்தான்புல்லிலிருந்து உள்நாட்டு விமானத்தில் தலமான் விமான நிலையத்தில் இறங்கினால் ஃபெத்தியே ஒரு மணி நேரத்துக்குள். திரும்புவது அண்டால்யாவிலிருந்து. இப்படிப் போட்டால் வந்த வழியே திரும்பி வரும் வேலை இல்லை.

ஊர்களுக்கு இடையே டோல்முஷ் ஓடுகிறது. சிறிய வேன் அளவு பேருந்து. அந்தச் சொல்லுக்கே 'நிரம்பியது' என்றுதான் பொருள், பல இடங்களில் ஆள் சேர்ந்த பிறகுதான் கிளப்புவார்கள். ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தால் பின்வரிசையிலிருந்து காசு கை மாறிக் கை மாறி உங்களிடம் வரும், வாங்கி முன்னே கொடுக்க வேண்டும், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பிப் போகும். கிழக்கு நோக்கிப் போகும்போது வலது பக்க ஜன்னல் இருக்கையைப் பிடியுங்கள், கடல் முழுக்க அந்தப் பக்கம்தான். கார் எடுத்தாலும் நல்லதுதான், கரையோரமாகப் போகும் டி-400 நெடுஞ்சாலை அருமையாக இருக்கும், காஷுக்கு முன்னும் பின்னும் வளைவுகள் மட்டும் கவனம்.

படி 2: கிளம்புமுன் கொஞ்சம் வரலாறு

இது இல்லாமல் போனால் எல்லாம் வெறும் கல்லாகத் தெரியும். லீசியர்கள் கிரேக்கர்கள் அல்ல. பழைய ஹிட்டைட் பேரரசின் களிமண் பலகைகளில் 'லுக்கா' நாடு என்று வருகிற இந்தப் பகுதியின் மக்கள், தங்களைத் 'த்ரிம்மிலி' என்று அழைத்துக்கொண்டார்கள். தனி மொழி, 29 எழுத்துகள் கொண்ட தனி எழுத்துமுறை. ஹோமரின் டிராய் போரில் டிராய்க்குத் துணையாக வந்து மடிகிற சர்பெடோன் லீசிய அரசன். லீசியனை யாரென்று கேட்டால் தாயின் பெயரையும் அவள் தாயின் பெயரையும் சொல்வான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். கல்வெட்டுகளிலோ பெரும்பாலும் தந்தை பெயர்தான் இருக்கிறது.

கி.மு. 540 வாக்கில் பாரசீகத் தளபதி ஹர்ப்பாகஸ் க்ஸாந்தோஸ் நகரத்தை முற்றுகையிட்டபோது, தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் ஊரார் மனைவி, பிள்ளை, அடிமை, சொத்து எல்லாவற்றையும் கோட்டைக்குள் வைத்துத் தீ வைத்துவிட்டு, வெளியே வந்து சண்டை போட்டுச் செத்தார்கள். அன்றைக்கு ஊரில் இல்லாத 80 குடும்பங்கள்தான் மிஞ்சின. கி.மு. 42-இல் சீசரைக் கொன்ற புரூட்டஸ் பணத்துக்கும் படைக்கும் வந்து முற்றுகையிட்டபோது அதே ஊர் மறுபடியும் அதையே செய்தது.

இதே மக்கள்தான் சண்டைக்கு நேர்மாறான ஒன்றையும் உருவாக்கினார்கள். லீசியக் கூட்டமைப்பு. 23 நகரங்கள், நகரத்தின் அளவைப் பொறுத்து ஒன்று, இரண்டு அல்லது மூன்று வாக்கு. க்ஸாந்தோஸ், பத்தாரா, பினாரா, ஒலிம்போஸ், மீறா, த்லோஸ் ஆறுக்கும் தலா மூன்று. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்க்யூ, கூட்டாட்சிக் குடியரசுக்குச் சிறந்த மாதிரி கேட்டால் லீசியாவைத்தான் சொல்வேன் என்று எழுத, 1787-இல் அமெரிக்க அரசியலமைப்பு விவாதத்தில் அலெக்சாண்டர் ஹாமில்டன் அதை எடுத்துக்காட்டினார். கி.பி. 43-இல் பேரரசர் கிளாடியஸ் லீசியாவை ரோமானிய மாகாணமாக்கினார்.

படி 3: ஃபெத்தியே, மூன்று இரவு

முதல் நாள் மாலையே ஊருக்குப் பின்னால் பாறைமுகத்தில் இருக்கும் கல்லறைகளுக்கு ஏறிவிடுங்கள். பெரியது அமிந்தாஸ் கல்லறை, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. கோயில் முகப்பு போல இரண்டு தூண்கள், இடது பக்கத் தூணில் 'ஹெர்மபியாஸின் மகன் அமிந்தாஸ்' என்று கிரேக்க எழுத்தில் வெட்டியிருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தவை பக்கத்திலுள்ள சிறியவை. கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே வரிசையாக உருண்டையாகவும் சதுரமாகவும் துருத்திக்கொண்டிருப்பவை உத்தர முனைகள். கதவுச் சட்டம், குறுக்குக் கட்டை, பொருத்து மூட்டு எல்லாம் மரத்தச்சன் செய்தது போலவே, ஆனால் முழுப் பாறையில். லீசியர்கள் குடியிருந்த மரவீடுகள் ஒன்றுகூட இன்று இல்லை. அவை எப்படி இருந்தன என்று நமக்குத் தெரிவதே செத்தவர்களுக்குக் கல்லில் செய்துவைத்த இந்த நகல்களால்தான்.

இன்னொரு வகை, தனியாக நிற்கும் கல்பெட்டி. மூடி கவிழ்த்த படகு மாதிரி இருக்கும், பக்கவாட்டில் குமிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பலவற்றில் இதில் யாரைப் புதைக்கலாம், வேறு யாரையாவது புதைத்தால் ஊருக்கு எவ்வளவு அபராதம் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். இந்த இரண்டு வகையையும் ஃபெத்தியேவில் பழகிக்கொண்டால் அடுத்த பத்து நாளும் கண் தானாகத் தேடும்.

ஊர் அருங்காட்சியகம் சிறியது, தவறவிடாதீர்கள். லெத்தூன் என்ற பழைய கோயில் தலத்தில் 1973-இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. ஒரே செய்தி லீசியம், கிரேக்கம், அரமேயம் மூன்றிலும். லீசிய மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளப் பெரிய உதவியாக இருந்த கல் இது.

இரண்டாம் நாள் காயாக்கோய். டோல்முஷில் அரை மணி நேரம். மலைச்சரிவு முழுக்க கூரையில்லாத நூற்றுக்கணக்கான கல்வீடுகள், இரண்டு பெரிய தேவாலயங்கள். லெவிசி என்ற பெயரில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ஊர். கிரேக்க-துருக்கியப் போருக்குப் பின், துருக்கியின் கிறிஸ்தவர்களும் கிரேக்கத்தின் முஸ்லிம்களும் நாடு மாற வேண்டும் என்ற 1923 மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தோடு ஊரே காலியானது. கிரேக்கத்திலிருந்து வந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் இங்கே நிலைக்கவில்லை. மிஞ்சியதை 1957 நிலநடுக்கம் உலுக்கியது. வீடுகளை ஒன்றின் வெளிச்சத்தை இன்னொன்று மறைக்காதபடி சரிவில் கட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்த்தேன். அடுப்பு மாடத்துக்கு மேலே சுவரில் நீலச் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது, தரை இருந்த இடத்தில் அத்திமரம். காலை எட்டு மணிக்கே போங்கள், ஆளே இருக்காது. அங்கிருந்து சிவப்பு-வெள்ளைக் கோடு பூசிய பாதையில் நடந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஒலுதெனிஸ் கடற்கரை. மேலே பாபாதாக் மலையிலிருந்து பாராகிளைடிங் செய்பவர்கள் வண்ணப் பொட்டுகளாக இறங்கிக்கொண்டே இருப்பார்கள்.

அந்தச் சிவப்பு-வெள்ளைக் கோடு லீசியப் பாதையின் அடையாளம். கேட் க்ளோ என்ற ஆங்கிலேயப் பெண்மணி பழைய கழுதைப் பாதைகளையும் ரோமானியச் சாலைகளையும் இணைத்து 1999-இல் திறந்தது, 500 கிலோமீட்டருக்கும் மேல். முழுக்க நடக்கத் தேவையில்லை, அங்கங்கே அரை நாள் நடந்தாலே போதும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஃபெத்தியே மீன் சந்தை. நடுவில் மீன்காரர்கள், சுற்றிலும் உணவகங்கள். மீனை நீங்களே எடைபோட்டு வாங்கி ஏதாவதொரு உணவகத்தில் கொடுத்தால், ஒரு தொகை வாங்கிக்கொண்டு சுட்டுத் தருவார்கள். விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 4: க்ஸாந்தோஸ் பள்ளத்தாக்கு, பத்தாராவில் ஒரு இரவு

லீசியாவின் நெஞ்சு இதுதான். காலையில் மூட்டையோடு கிளம்பி கினிக் ஊரில் இறங்கினால் க்ஸாந்தோஸ் நடக்கும் தூரம். 1988 முதல் லெத்தூனோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நாடக அரங்குக்குப் பக்கத்தில் உயர்ந்த தூண் ஒன்றின் மேல் கல்லறை அறை. அதன் உச்சியில் நீங்கள் பார்க்கிற சிற்பங்கள் அச்சு எடுத்த நகல்கள். அசல் லண்டனில் இருக்கிறது. 1838-இல் இங்கே வந்த ஆங்கிலேயப் பயணி சார்லஸ் ஃபெல்லோஸ், 1840-களில் நெரெய்டு நினைவுச் சின்னம் (கடல்தேவதைச் சிலைகள் கொண்ட, கோயில் போன்ற கல்லறை) உட்பட ஏராளமானதைப் பெட்டிபெட்டியாகக் கப்பலேற்றிப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு முறை தன்னையே எரித்துக்கொண்ட ஊரின் மேட்டில் நின்று, அந்தச் சின்னம் இருந்த வெற்று மேடையைப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்தது. அவை திரும்பி வர வேண்டும் என்றே நினைக்கிறேன்.

லெத்தூன் நாலு கிலோமீட்டர் தள்ளி. கிரேக்கத் தெய்வங்களான லெத்தோ, அவள் பிள்ளைகள் ஆர்ட்டெமிஸ், அப்போலோ மூவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில்கள். தண்ணீர் குடிக்க விடாமல் சேற்றைக் கலக்கிய ஊர்க்காரர்களை லெத்தோ தவளைகளாக்கினாள் என்பது கதை. நிலத்தடி நீர் ஏறி இடிபாடுகளின் ஒரு பகுதி குளமாகவே கிடக்கிறது, தவளைச் சத்தம் இன்றைக்கும் காதை அடைக்கிறது.

பத்தாராவில் தங்க வேண்டிய ஊர் கெலெமிஷ், சின்ன கிராமம். லீசியக் கூட்டமைப்பின் சபை மண்டபம் இங்கேதான், மணலிலிருந்து தோண்டியெடுத்துச் சீரமைத்திருக்கிறார்கள். அரைவட்டப் படிகளில் உட்கார்ந்து பாருங்கள். ரோமானியப் பேரரசர் நீரோ காலத்துக் கலங்கரை விளக்கமும் உண்டு. பெரிய துறைமுகமாக இருந்த இடம் மணல் தூர்ந்து இப்போது புல்லும் நாணலும் மூடிய சதுப்பு. அதைத் தாண்டினால் 18 கிலோமீட்டர் நீளக் கடற்கரை. கடலாமைகள் முட்டையிடுகிற இடம் என்பதால் பருவத்தில் இரவு நேரம் மூடிவிடுவார்கள், விடுதி எதுவும் கரையில் கிடையாது. அதனால்தான் இவ்வளவு அழகாக மிஞ்சியிருக்கிறது.

படி 5: காஷ், மூன்று இரவு

வழியில் கப்புதாஷ் என்ற சிறு கடற்கரை, சாலையிலிருந்து நூற்றெண்பதுக்கு மேல் படி இறங்க வேண்டும். காலையில் என்றால் இறங்குங்கள்.

எந்த ஊரில் இன்னும் ஒரு நாள் கூட்டலாம் என்று கேட்டால் காஷ் என்பேன். கடைத்தெருச் சரிவின் உச்சியில், போகன்வில்லா தொங்குகிற மரவீடுகளுக்கு நடுவே, உயரமான பீடத்தின் மேல் ஒரு லீசியக் கல்பெட்டி நிற்கிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. மூடியில் சிங்கத் தலைகள், முன்கால்களில் தலை சாய்த்துத் தூங்குவது போல. ராத்திரி பத்து மணிக்குக் கடைக்காரர்கள் அதன் அடியில் நாற்காலி போட்டுத் தேநீர் குடிக்கிறார்கள், பூனை பீடத்தில் படுத்திருக்கிறது. ஊரின் மேற்கு முனையில் கடலைப் பார்த்த பழைய அரங்கம், சூரியன் மறையும்போது ஊரே அங்கே வந்து உட்காரும். எதிரே தெரிகிற தீவு மெயிஸ், அது கிரேக்க நாடு. படகில் அரை மணி நேரம்கூட இல்லை, ஆனால் ஷெங்கன் விசா வேண்டும்.

1982-இல் காஷுக்குக் கிழக்கே உலுபுருன் முனையில் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர், அடியில் 'காது வைத்த உலோக பிஸ்கட்டுகள்' கிடக்கின்றன என்று வந்து சொன்னார். அவை செப்புப் பாளங்கள். கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய வணிகக் கப்பல். பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், கண்ணாடிக் கட்டிகள், எகிப்திய அரசி நெஃபெர்திதியின் பெயர் பொறித்த தங்க முத்திரை. 1984 முதல் 1994 வரை தோண்டினார்கள். பொருள்கள் இப்போது போத்ரும் அருங்காட்சியகத்தில். காஷ் இன்று மூழ்குநீச்சலுக்குப் பேர்போன ஊர். கற்றுக்கொள்ளவும் பள்ளிகள் உண்டு.

இரண்டாம் நாள் கெக்கோவா தீவுக்குப் படகு. ஊச்சாஸ் கிராமத்திலிருந்து ஏறுவது நல்லது, தூரம் குறைவு. நிலநடுக்கத்தில் நிலம் அமிழ்ந்து, தீவிலிருந்த பழைய ஊரில் பாதி கடலுக்குள் போய்விட்டது. படகு மெதுவாகப் போகும்போது படிக்கட்டுகள் பாறையில் இறங்கி நீலத்துக்குள் மறைவது தெரியும். இடிபாடுகளுக்கு மேல் நீந்தத் தடை. எதிர்க்கரையில் காலெக்கோய், கார் போகாத ஊர். தண்ணீருக்குள் தனியாக ஒரு கல்பெட்டி நிற்கும் படம் பார்த்திருப்பீர்கள், அது இங்கேதான். கோட்டைக்குள் பாறையிலேயே குடைந்த ஏழு வரிசைக் குட்டி அரங்கம் இருக்கிறது, அங்கிருந்து முழு விரிகுடாவும் தெரியும்.

மூன்றாம் நாள் டெம்ரே, அதாவது மீறா. செங்குத்துப் பாறையில் வீட்டு முகப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக. ஃபெல்லோஸ் 1840-இல் பார்த்தபோது நீலம், சிவப்பு, மஞ்சள் சாயம் இன்னும் இருந்ததாம். ஊருக்குள் புனித நிக்கலஸ் தேவாலயம். கிறிஸ்துமஸ் தாத்தாவின் கதைக்கு மூலமான நிக்கலஸ் பிறந்தது பத்தாரா என்பது மரபு, ஆயராக இருந்தது மீறா. 1087-இல் இத்தாலிய வணிகர்கள் கல்லறையை உடைத்து எலும்புகளை பாரி நகருக்கு எடுத்துப் போனார்கள். ரஷ்ய யாத்ரிகர்கள் நிறையப் பேர் வருவார்கள், முழந்தாளிட்டு அழுகிறவர்களையும் பார்ப்பீர்கள், அங்கே குரலைத் தாழ்த்துங்கள். துறைமுகமான ஆந்திரியாக்கேயில் பேரரசர் ஹேட்ரியன் காலத் தானியக் கிடங்கு இப்போது லீசிய நாகரிக அருங்காட்சியகம். ஊதாச் சாயம் எடுக்கச் சங்குகளை உடைத்த பட்டறையும் பக்கத்தில் உண்டு. டெம்ரேயைச் சுற்றி கண்ணுக்கெட்டிய தூரம் பிளாஸ்டிக் கூடாரம், அத்தனையும் தக்காளி.

சாப்பாடு பற்றி

சைவம் சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டாம். 'எத்ஸிஸ்' என்று சொல்லுங்கள், இறைச்சி இல்லாதது. ஆலிவ் எண்ணெயில் வதக்கி ஆறவைத்துப் பரிமாறும் காய்கள், கத்திரிக்காயில் இமாம் பயில்தி, திராட்சை இலையில் சோறு சுருட்டியது. மெர்ஜிமெக் சூப் நம் பருப்பு மாதிரியேதான், இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். வழியோரத்தில் கோஸ்லெமே. ஒரு பாட்டி தரையில் தாழ்வான பலகைக்கு முன் உட்கார்ந்து, நம் சப்பாத்திக் குழவியைவிட மெல்லிசான நீளக் கட்டையால் மாவைத் துணிபோல் விரித்து, கீரையும் பாலாடைக்கட்டியும் தூவி மடித்து, குவிந்த இரும்புத் தகட்டில் போட்டுத் திருப்புவார். கூடவே அய்ரான், அதாவது உப்புப் போட்ட மோர்.

படி 6: சிராலி, இரண்டு இரவு

ஒரு எச்சரிக்கை. நெடுஞ்சாலைப் பேருந்து உங்களைச் சந்திப்பில் இறக்கிவிடும், சிராலி கீழே ஏழு கிலோமீட்டர். நான் இருட்டும் நேரத்தில் இறங்கினேன், கடைசி டோல்முஷ் போய்விட்டிருந்தது, பையைத் தூக்கிக்கொண்டு பாதி தூரம் நடந்த பிறகுதான் ஆரஞ்சு ஏற்றிய ஒரு வண்டி நிறுத்தி ஏற்றிக்கொண்டது. மாலை நாலு மணிக்குள் வந்து சேருங்கள், அல்லது விடுதிக்காரரிடம் வண்டி அனுப்பச் சொல்லுங்கள்.

பகலில் கடற்கரையோடு நடந்து ஒலிம்போஸ் இடிபாடுகளுக்குப் போகலாம். மரங்களும் கொடிகளும் மூடிய ஓடைக்கரை நகரம், ஒரு காலத்தில் கடற்கொள்ளைத் தலைவன் ஜெனிக்கெத்தேஸின் கோட்டை. கி.மு. 70-களில் ரோமானியர்கள் பிடித்தார்கள்.

ராத்திரி யானார்தாஷ். 'எரியும் கல்' என்று பொருள். கைவிளக்கு எடுத்துக்கொண்டு இருபது முப்பது நிமிடம் கற்படி ஏறினால் மொட்டைப் பாறைச் சரிவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தீ. விறகு இல்லை, புகை இல்லை. பாறை வெடிப்பிலிருந்து கசிகிற மீத்தேன் வாயு. சிங்க முகமும் ஆட்டு உடலும் பாம்பு வாலுமாக நெருப்பு கக்கிய கிமேராவை, பறக்கும் குதிரையில் வந்த வீரன் பெல்லெரோஃபோன் கொன்றான் என்று கிரேக்கர்கள் கதை சொன்னது இந்த மலையை வைத்துத்தான். சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியபோதும் எரிந்தது. ஒரு வெடிப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். உள்ளங்கை அகலச் சுடர், அடியில் நீலம், மேலே மஞ்சள், காற்றடித்தால் பாறையோடு ஒட்டிப் படுத்து மறுபடி நிமிர்கிறது. கேஸ் அடுப்புச் சத்தம்தான், கொஞ்சம் மெதுவாக. கீழ்ப்பக்கம் நெருப்புக் கடவுள் ஹெஃபெஸ்தோஸ் கோயிலின் கற்களும், அதன்மேல் கட்டிய சிறு தேவாலயத்தின் சுவரும் கிடக்கின்றன.

படி 7: ஃபசேலிஸ் வழியாக அண்டால்யா

கடைசி நாள் பாதி வழியில் ஃபசேலிஸ். மூன்று துறைமுகம், நடுவே பைன் மர நிழலில் கல் பாவிய அகலத் தெரு. கி.மு. 334-333 குளிர்காலத்தில் அலெக்சாண்டர் தங்கிய ஊர். தெருவைப் பார்த்து முடித்ததும் அப்படியே கடலில் இறங்கலாம், நீச்சலுடை கையில் இருக்கட்டும்.

அண்டால்யாவில் ஒரு மாலை காலெயிச்சி பழைய நகருக்குப் போதும். பெர்கமோன் அரசன் இரண்டாம் அத்தாலோஸ் நிறுவியதால் அத்தாலெயா, அதுவே அண்டால்யா ஆனது. இது லீசியாவின் எல்லை தாண்டிய பக்கத்துப் பழைய நாடு, பம்பிலியா. 1207-இல் செல்ஜுக் துருக்கியர்கள் பிடித்தார்கள், அவர்கள் கட்டிய பள்ளமும் மேடுமான செங்கல் மினார் ஊரின் அடையாளம். சாப்பிட பியாஸ் கேளுங்கள்; மற்ற ஊர்களில் வெறும் வெள்ளை பீன்ஸ் சாலட், இங்கே எள்விழுது ஊற்றி, மேலே வெந்த முட்டை வைத்துத் தருவார்கள். பழைய நகரை விட்டு வெளியே வரும்போது கி.பி. 130-இல் ஹேட்ரியன் வருகைக்காகக் கட்டிய மூன்று வளைவு வாசல் வழியாக வாருங்கள். நடு வளைவில் கீழே பாருங்கள், வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளம் கல்லில் ஆழமாக விழுந்திருக்கும். அங்கிருந்து டிராம் நிறுத்தம் நடக்கும் தூரம்தான், விமான நிலையம் வரைக்கும் போகிறது.